சின்னப் பவளத் தொட்டிக்குச் சிக்கனமான எல்இடி விளக்கு

கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கப்படும் பெரும்பாலான பவளங்கள் தமக்கு வேண்டிய சக்தியின் பெரும்பங்கை வெளிச்சத்திலிருந்தே பெறுகின்றன. பவளம் விலங்கினத்தைச் சேர்ந்தது. ஆனால் அதன் திசுக்களுக்குள் ஜூசாந்தெல்லே எனப்படும் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. பாசி ஒளிச்சேர்க்கையில் சர்க்கரை தயாரித்துப் பெரும்பகுதியைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. பவளம் வெளியேற்றும் கரியமில வாயுவையும் நைட்ரஜன் கழிவுகளையும் தான் எடுத்துக்கொள்கிறது. வெளிச்சம் போதாவிட்டால் பவளம் உடனே செத்துவிடாது. மாதக்கணக்கில் மெலிந்துதான் சாகும். தவறான விளக்கை வாங்கியவருக்கு அது தவறு என்று புரியவே நாளாவது இதனால்தான்.

முன்பு இந்தத் தொட்டிகளுக்கு மெட்டல் ஹாலைடு விளக்குகளைத் தொங்கவிட்டார்கள். 150 வாட் முதல் 400 வாட் வரை மின்சாரம் குடிக்கும். தொட்டி நீரையும் சூடாக்கும். அடுத்து டி5 குழல் விளக்குகள் வந்தன. அவற்றை ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டியிருந்தது. 1993இல் ஜப்பானின் நிசியா நிறுவனத்தில் ஷுஜி நகமுரா பிரகாசமான நீல எல்இடியை உருவாக்கிய பிறகு நிலைமை மாறியது. இந்த நீல எல்இடிக்காக அவருக்கும் அகசாகி, அமானோ இருவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. இன்று வீட்டுக்கு வீடு எரியும் வெள்ளை எல்இடி பல்புக்குள் இருப்பதும் 450 நானோமீட்டரை ஒட்டிய நீலச் சில்லுதான்; அதன்மேல் மஞ்சள் பாஸ்பர் பூசி வெள்ளையாக்குகிறார்கள். பவளத்துக்கு அதிகம் பயன்படுவதும் அதே நீலம். உலகிலேயே மிக அதிகமாக உற்பத்தியாகும் எல்இடி சில்லு பவளத்துக்கும் ஏற்றதாக அமைந்ததால்தான் மலிவு விளக்கு சாத்தியமாயிற்று. விலை உயர்ந்த விளக்கில் கூடுதல் பணம் போவது பெரும்பாலும் லென்ஸ், சில்லுகளை அடுக்கிய நேர்த்தி, சத்தமில்லாத விசிறி, கைபேசிச் செயலி, உத்தரவாதம் ஆகியவற்றுக்கே.

நீலம் ஏன்? தூய நீரில் 10 மீட்டர் ஆழம் போவதற்குள் 660 நானோமீட்டர் சிவப்பொளியில் நூற்றுக்கு ஓரிரு பங்குதான் மிஞ்சும். 450 நானோமீட்டர் நீலத்திலோ பத்துக்கு ஒன்பது பங்கு தங்கும். அந்த நீல உலகத்துக்குப் பழகிய பாசிகளின் பச்சையமும், பெரிடினின் என்ற நிறமியும் 430 முதல் 500 நானோமீட்டர் வரையுள்ள ஒளியை நன்றாக உறிஞ்சுகின்றன. நீலம் மட்டுமே ஆழம்வரை போகும் என்று விளம்பரங்கள் சொல்வது கடலுக்குப் பொருந்தும். முப்பது, நாற்பது சென்டிமீட்டர் ஆழத் தொட்டிக்குப் பொருந்தாது. அவ்வளவு குறைந்த நீரில் சிவப்பும் அடிவரை போய்விடும். நீலத்தைத் தேர்ந்தெடுப்பது பாசியின் இயல்பைக் கருதித்தான். சிவப்பு மிகுந்தால் கெடுதலும் நேரலாம்: ஸ்டைலோஃபோரா என்ற பவளத்தை வைத்து 2014இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், சிவப்பொளி அதன் ஒளிச்சேர்க்கைத் திறனைக் குறைத்தது தெரியவந்தது. மலிவு விளக்குகளின் வெள்ளைப் பகுதியில் இரண்டொரு சிவப்பு, பச்சைச் சில்லுகள் இருப்பதுண்டு. அவை பவளத்துக்குத் தேவையில்லை. கண்ணை உறுத்தும் சிவப்புப் புள்ளிகளைத் தரையில் விழச் செய்வதால் சிலர் அவற்றின்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுகிறார்கள்.

நீலத்துக்கு இன்னொரு கவர்ச்சியும் உண்டு. பவளத்தின் ஒளிர்புரதங்கள் நீலத்தை வாங்கிப் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு நிறங்களாக உமிழ்கின்றன. விற்பவர்கள் காட்டும் படங்களில் பவளங்கள் நியான் விளக்காய் மின்னுவது இதனால்தான். முழு நீலத்தின்கீழ், கேமராவில் மஞ்சள் வடிகட்டி மாட்டி எடுத்த படங்கள் அவை. வீட்டில் வெள்ளை வெளிச்சத்தில் பார்த்தால் அதே பவளம் சாதாரணப் பழுப்பாக இருக்கக்கூடும்.

ஒளியின் தரத்துக்கு அடுத்தது அளவு. பவளம் வளர்ப்பவர்கள் இதைப் ‘பார்’ என்ற அளவால் சொல்கிறார்கள்: 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பதே அது. வெயில் காலத்து உச்சிப் பொழுதில், கடல் மட்டத்தில், இது 2000ஐத் தொடும். தொட்டியில் அவ்வளவு தேவையில்லை. டிஸ்கோசோமா போன்ற காளான் பவளங்களுக்கு 50ஐச் சுற்றி இருந்தாலே போதும். ஜோவாந்திட், தோல் பவளம், பச்சை நட்சத்திரப் பவளம் ஆகியவற்றுக்கு 60 முதல் 150. சுத்தியல் பவளம் போன்ற பெரிய வாய்ப் பவளங்களுக்கும் ஏறத்தாழ அதே அளவு. அக்ரோபோரா போன்ற கிளைப் பவளங்கள்தான் 200 முதல் 350 வரை கேட்பவை. ஆகவே எந்தப் பவளம் என்று முடிவு செய்யாமல் விளக்கு வாங்குவது வீண் செலவு. முதல் தொட்டிக்குத் தோல் பவளம், பச்சை நட்சத்திரப் பவளம் போன்ற மென்பவளங்களே ஏற்றவை. அவற்றுக்கு மலிவு விளக்கு தாராளம்.

பவளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சட்டத்தையும் பார்க்க வேண்டும். கல் பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் 2001இல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்குள்ள அதே பாதுகாப்பு இது. மன்னார் வளைகுடாவிலோ வேறு கடற்கரையிலோ உயிருள்ள பவளத்தை உடைத்து வருவது குற்றம். யார் விற்றாலும் அது எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன ஆவணம் உண்டு என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கடையில் முதலில் கண்ணில் படுவது வாட் கணக்கு. அதை நம்புவதற்கில்லை. கறுப்புப் பெட்டி என்று வளர்ப்பவர்கள் அழைக்கும் சீனத் தயாரிப்பு இதற்கு நல்ல உதாரணம். பெட்டியில் 165 வாட் என்று அச்சிட்டிருக்கும். 3 வாட் சில்லுகள் 55 இருப்பதால் வந்த பெருக்கல் அது. சில்லுகளை முழுத் திறனில் ஓட்டினால் சூடேறிக் கெடும் என்பதால் குறைத்தே ஓட்டுகிறார்கள்; முழுவதும் திருகி வைத்தாலும் உண்மையில் 100 அல்லது 120 வாட்தான் இழுக்கும். அதுவே இரண்டடித் தொட்டிக்கு மிதமிஞ்சிய வெளிச்சம். நீலத்துக்கு ஒரு திருகு, வெள்ளைக்கு ஒரு திருகு. இரண்டுக்கும் தனித்தனி ஒயர். செயலி கிடையாது, சூரிய உதயம் போன்ற வித்தைகள் கிடையாது. ஆயினும் குறைந்த செலவில் பவளம் வளர்க்க நினைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான கருவி அரிது. இரண்டு ஒயர்களையும் இரண்டு சாதாரண பிளக் டைமர்களில் செருகி, நீலத்தைக் காலை 11 மணிக்கும் வெள்ளையை மதியம் 1 மணிக்கும் எரியவிட்டு, வெள்ளையை மாலை 7 மணிக்கும் நீலத்தை இரவு 9 மணிக்கும் அணைத்தால் விடியலும் அந்தியும் கிடைத்துவிடும். ஒரு அடி கனசதுரத் தொட்டி, அதாவது ஏறத்தாழ 28 லிட்டர், என்றால் இவ்வளவு பெரிய பெட்டி வேண்டாம். வளையும் கழுத்துள்ள 30 வாட் விளக்கு ஒன்றே போதும்.

விளக்கின் கீழ் நடுப்புள்ளியில் மட்டும் எடுத்த ஓர் எண்ணைத் தயாரிப்பாளர் பெரிதாகப் போட்டிருந்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நடுவில் 300 இருந்து மூலையில் 40 இருக்கலாம். எந்த உயரத்தில், நீருக்குள்ளா காற்றிலா, ஓரங்களில் எவ்வளவு என்ற அட்டவணை தந்திருந்தால்தான் ஒப்பிட முடியும். லென்ஸின் கோணமும் இதோடு சேர்ந்தது. 90 பாகை லென்ஸ் ஒளியைக் குவித்து ஆழத்துக்கு அனுப்பும். ஆழமில்லாத சின்னத் தொட்டியில் அதுவே நடுவில் உள்ள பவளத்தைச் சுட்டுவிடும். அங்கே 120 பாகை நல்லது. விளக்கை நீர்மட்டத்துக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் உயர்த்தி மாட்டினால் வெவ்வேறு நிறச் சில்லுகளின் ஒளி கலந்து, தரையில் ஓடும் வண்ணத் திட்டுகளும் மறையும்.

உண்மையான பார் அளவி விலை அதிகம். சின்னத் தொட்டிக்காக ஒன்று வாங்குவது விளக்கைவிடக் கூடுதல் செலவாகும். நண்பர்களிடம் இரவல் கிடைத்தால் ஒருமுறை அளந்து திருகின் இடத்தைக் குறித்துவைப்பது நல்லது. கைபேசியில் லக்ஸ் காட்டும் செயலியை நம்பி ஏமாறுபவர்கள் உண்டு. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. கண் பச்சையைக் கூர்மையாகவும் நீலத்தை மந்தமாகவும் பார்க்கும். வெள்ளை ஒளியில் பார் ஒன்றுக்கு ஏறத்தாழ 60 லக்ஸ் வரும். 450 நானோமீட்டர் நீலத்திலோ 7 லக்ஸ்தான் வரும். நீலம் எரியும்போது லக்ஸை 60ஆல் வகுப்பவர் இருக்கும் ஒளியில் எட்டில் ஒரு பங்கைத்தான் காண்பார். போதவில்லை என்று திருகைக் கூட்டிப் பவளத்தை வெளிறவைப்பார். கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் நீலம் பவளத்துக்கு மங்கலில்லை.

வெளிச்சம் மிகுந்தால் பாசிக்குள் கேடு விளைவிக்கும் ஆக்சிஜன் சேர்மங்கள் பெருகி, பவளம் பாசியையே வெளியே துப்பிவிடுகிறது. அதுதான் வெளிறல். புது விளக்கை முதல் நாளே முழுவதும் எரியவிடுவது இதற்கு நேர்வழி. நீலத்தை 30 சதவீதத்திலும் வெள்ளையை 10 சதவீதத்திலும் தொடங்கி, வாரம் ஒருமுறை ஐந்து சதவீதம் கூட்டிக்கொண்டே போய், பவளம் சொல்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். பவளம் சொல்லும் விதம் தெளிவானது. காளான் பவளம் விளிம்பைச் சுருட்டிக் கிண்ணம்போல் குவிந்தாலோ ஓரம் வெளுத்தாலோ வெளிச்சம் அதிகம். ஜோவாந்திட்டின் காம்பு நீண்டு, தலை விளக்கை எட்டிப் பிடிக்கப் போவதுபோல் நின்றால் போதவில்லை. நிறம் பழுப்பாவதும் குறைந்த ஒளியின் அறிகுறி; ஆனால் நீரில் நைட்ரேட் கூடினாலும் அப்படியே ஆகும் என்பதால், திருகைத் தொடுமுன் நீரைச் சோதிப்பது முறை. விளக்கெரியும் மொத்த நேரம் நாளுக்கு எட்டு அல்லது பத்து மணி நேரத்துக்கு மேல் போனால் கண்ணாடியில் பாசி படர்வதுதான் மிச்சம்.

மின்கட்டணம் பெரிய கவலையில்லை. 50 வாட் இழுக்கும் விளக்கு நாளுக்குப் பத்து மணி நேரம் எரிந்தால் மாதம் 15 யூனிட். பழைய 150 வாட் ஹாலைடு 45 யூனிட் இழுத்திருக்கும். சென்னைக் கோடையில் கவலை வெப்பம்தான். எல்இடியின் சூடு மேலே உள்ள அலுமினிய ஹீட் சிங்க் வழியாக வெளியேறுகிறது. விளக்கைப் பலகை மூடிக்குள் அடைத்தால் அந்தச் சூடு நீருக்கே திரும்பும். மூடி இல்லாமல் தொங்கவிட்டு, நீர்ப்பரப்பின்மேல் சின்ன விசிறி ஒன்றை ஓடவிட்டால் நீர் ஆவியாகி இரண்டு மூன்று பாகை இறங்கும். ஆவியான அளவுக்கு உப்பில்லாத நீரைத்தான் ஊற்ற வேண்டும்.

உப்புநீருக்குமேல் மின்சாரம் தொங்குகிறது என்பதை மறக்கலாகாது. ஒயர் பிளக்கைவிடத் தாழ்வாக வளைந்து பிறகு மேலேற வேண்டும். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். அந்த இணைப்பு, மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் துண்டிக்கும் ஆர்சிசிபி வழியாக வருவது அவசியம்.

எல்இடியின் ஆயுள் 50,000 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். நாளுக்குப் பத்து மணி நேரம் என்றால் பதின்மூன்று ஆண்டுக்கு மேல் வரும். நடைமுறையில் அதற்கு முன்பே விசிறியும், சில்லுகளுக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவரும் கெட்டுவிடுகின்றன. அவை தனியாகக் கழற்றி மாற்றக்கூடியவையா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளலாம். லென்ஸில் நீர்த் தெறிப்பு காய்ந்து உப்புப் படலம் படியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பல மாதம் துடைக்காமல் விட்டு ஒரே நாளில் பளிச்சென்று துடைத்தால் வெளிச்சம் சட்டென்று எகிறும் என்பதால், அன்று திருகைக் கொஞ்சம் இறக்கிவைத்துப் பிறகு மெல்ல ஏற்றுவது நல்லது.