மனசுக்குள் ஒரு கூட்டுக் குடும்பம்

"ஒரு மனசு போ என்கிறது, இன்னொரு மனசு போகாதே என்கிறது" என்று சொல்லாதவர்கள் நம்மில் யார்? நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதிலிருந்து, விட்டுப்போன உத்தியோகத்துக்கு மறுபடி மனுப் போடுவது வரையில் இப்படிச் சொல்லியிருக்கிறோம். சொல்லிவிட்டு, "மனசு என்ன, இரண்டா இருக்கிறது?" என்று நாமே சிரித்தும் இருக்கிறோம்.

இரண்டு மட்டுமல்ல, ஒரு குடும்பமே உள்ளே இருக்கிறது என்கிறார் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் என்ற அமெரிக்க நிபுணர். குடும்பச் சண்டைகளைத் தீர்த்து வைக்கும் சிகிச்சையில் தேர்ந்தவர் அவர். 1980களில் சிகாகோவில், கண்மண் தெரியாமல் தின்றுவிட்டுப் பிறகு வலிய வாந்தி எடுக்கும் வியாதியால் அவதிப்பட்ட பெண்களுக்குச் சிகிச்சை செய்து வந்தார். அந்தப் பெண்கள் தங்களுக்குள்ளே ஒரு பகுதி ஓயாமல் திட்டுவதாகவும், அதைக் கேட்டு இன்னொரு பகுதி குன்றிப் போவதாகவும், அந்த வேதனையை மறக்க மூன்றாவது பகுதி அலமாரியைத் திறந்து தின்ன வைப்பதாகவும் சொன்னார்கள். ஷ்வார்ட்ஸுக்கு இது நன்றாகப் பழகிய விஷயமாகத் தோன்றியது. மாமியார் ஒரு சொல் சொல்ல, மருமகள் அழ, நடுவில் மைத்துனன் புகுந்து கூச்சல் போடுகிற அதே கதைதானே!

இதிலிருந்து பிறந்த சிகிச்சை முறையில், உள்ளே இருப்பவர்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். சின்ன வயதில் பட்ட அவமானத்தையும் பயத்தையும் சுமந்துகொண்டு மூலையில் அடைபட்டுக் கிடப்பவர்கள் ஒரு வகை. அவர்கள் வெளியே வந்துவிடாதபடி வீட்டைக் கட்டுப்பாடாக நடத்தும் நிர்வாகிகள் இன்னொரு வகை. "எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும், நாலு பேர் குறை சொல்லக் கூடாது" என்பது இவர்கள் குரல். இவர்களையும் மீறி வேதனை கிளம்பிவிட்டால், தின்பதோ கத்துவதோ கடைக்கு ஓடுவதோ ஏதாவது செய்து நெருப்பை அணைக்கும் தீயணைப்புப் படையினர் மூன்றாவது வகை. இவர்கள் எல்லோருக்கும் அப்பால், பதற்றமில்லாமல், பரிவோடும் அறியும் ஆவலோடும் பார்க்கக்கூடிய "தான்" என்ற ஒன்று ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. அது குடும்பத் தலைமையை ஏற்றால் சண்டை ஓயும் என்பதே சித்தாந்தம்.

கேட்கக் கேட்க, "இவ்வளவுதானே? மத்தியானம் கொஞ்சம் ஓய்வாக இருக்கும்போது நாமே உட்கார்ந்து பார்த்துவிடலாமே!" என்று தோன்றுகிறதல்லவா? நியாயமான ஆசைதான். இம்மாதிரி வைத்தியர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கட்டணம் கட்டுப்படியாக வேண்டும். "மனசுக்கு வைத்தியமா? உனக்கு என்ன பைத்தியமா?" என்று வீட்டில் கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். தனியே செய்துகொள்வதற்கென்றே ஜே எர்லி என்பவர் 2009-ல் ஒரு புத்தகமும் எழுதியிருக்கிறார்.

ஆனால் தனியாக உட்காருவதில் சில சங்கடங்கள் உண்டு. இன்று நேற்றுக் கண்டுபிடித்த சங்கடங்களும் அல்ல. மனோதத்துவத்தில் பெரும் புரட்சி செய்த ஃபிராய்டு 1897-ல் தம்மைத் தாமே ஆராய்ந்துகொண்டிருந்தபோது, உண்மையான சுய ஆராய்ச்சி நடக்கிற காரியமல்ல என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். கேரன் ஹார்னி என்ற மாதரசி அவ்வளவு அவநம்பிக்கை கொள்ளவில்லை. 1942-ல் இதைப் பற்றியே ஒரு நூல் எழுதி, ஓரளவுக்கு முடியும் என்றார். ஆனால் உள்ளேயே எழும் எதிர்ப்புத்தான் வழியை மறிக்கும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அந்த எதிர்ப்பு எந்தெந்த வேஷத்தில் வருகிறது என்று பார்ப்போம்.

முதல் வேஷம், வைத்தியர் வேஷம்! உங்களுக்குள் கோபக்காரி ஒருத்தி இருக்கிறாள். குழந்தைகளிடம் எரிந்து விழுகிறாள். "அவளோடு பேசப் போகிறேன்" என்று கண்ணை மூடிக்கொள்கிறீர்கள். "ஏன் இப்படிச் செய்கிறாய்? எப்போது நிறுத்தப் போகிறாய்?" என்று கேட்கிறீர்கள். கேட்பது யார்? நீங்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை, சகோதரி! எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்னும் அந்த நிர்வாகிதான் வைத்தியர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். கோபக்காரி வாயே திறக்க மாட்டாள். பக்கத்தில் வைத்தியர் இருந்தால் உங்கள் குரலில் உள்ள அதிகாரத்தைக் கேட்டு உடனே பிடித்துவிடுவார். தனியே இருக்கையில் அதைக் கேட்க யார் இருக்கிறார்கள்? மூக்கின் மேல் இருக்கும் கண்ணாடியை வீடெல்லாம் தேடுவது போன்ற கதைதான் இது.

இதற்கு ஒரு பரீட்சை உண்டு. "இந்தக் கோபக்காரியைப் பற்றி எனக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். "ஒழிந்தால் போதும்" என்று பதில் வந்தால், பேசுவது இன்னொரு பகுதி. முதலில் அதனிடம் சற்று விலகி நிற்கும்படி கேட்க வேண்டும். "பாவம், இவளுக்கு என்ன கஷ்டமோ?" என்று உண்மையாகவே தோன்றுகிறபோதுதான் பேச்சைத் தொடங்கலாம்.

ஒழித்துக்கட்டும் எண்ணத்தோடு போனால் என்ன ஆகும் என்பதை ஷ்வார்ட்ஸே அனுபவத்தில் கற்றார். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் ஒரு பெண் அவரிடம் வந்தாள். "இனிமேல் செய்வதில்லை" என்று அந்தப் பகுதி ஒப்புக்கொள்ளும்வரை விடுவதில்லை என்று போராடினார். ஒப்புக்கொண்டது. அடுத்த தடவை அவள் வந்தபோது முகத்திலேயே காயம்! அதன் பிறகுதான் அவர் சண்டையை விட்டுவிட்டு, அந்தப் பகுதி ஏன் அப்படிச் செய்கிறது என்று விசாரித்தார். அவளைக் காப்பாற்றுவதாக எண்ணியே அது செய்து வந்ததாம். "கெட்ட பகுதி என்று ஒன்றுமே இல்லை" என்பதையே 2021-ல் வெளியிட்ட தம் நூலுக்குத் தலைப்பாக வைத்தார்.

இரண்டாவது வேஷம், தூக்கம். கண்ணை மூடி ஐந்து நிமிஷம் ஆவதற்குள் கொட்டாவி வருகிறது. அல்லது அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வருகிறது. சோம்பேறித்தனம் என்று உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். உள்ளே போகவிடாமல் வாசலில் நிற்கும் காவல்காரனாகவும் அது இருக்கலாம். அவனிடமே மரியாதையாக, "என்னை உள்ளே விட்டால் என்ன ஆகும் என்று பயப்படுகிறாய்?" என்று கேளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் கேள்வியையும் பதிலையும் எழுதிக்கொண்டே போனால் மனம் அலைவது குறையும்.

மூன்றாவது வேஷம், புத்திசாலித்தனம். கேள்வி கேட்ட மறு கணமே, "சின்ன வயதில் அப்பா கண்டித்ததால்தான் இப்படி" என்று பரீட்சைப் பேப்பர் எழுதுவதுபோலப் பதில் வருகிறது. பதில் சரியாகவே இருக்கலாம். ஆனால் படித்தவள் ஊகித்த பதில் அது. உள்ளே இருப்பவள் சொன்ன பதில் அல்ல. உள்ளிருந்து வரும் பதில் மெதுவாகத்தான் வரும். சில சமயம் தொண்டை அடைப்பாகவோ வயிற்றில் ஒரு கனமாகவோதான் வரும். காத்திருக்கப் பொறுமை வேண்டும்.

இவை மூன்றும் நேரத்தைத்தான் வீணாக்கும். நாலாவது சங்கடம் அபாயமானது. அதுதான் அவசரம். காவல்காரர்களிடம் அனுமதி பெறாமலே, மூலையில் கிடக்கும் குழந்தையிடம் நேரே ஓடிவிடுவது. பல வருஷங்களாக அடைத்து வைத்த வேதனை ஒரே மூச்சில் பொங்கும். தீயணைப்புப் படையும் உடனே கிளம்பும். தாங்க முடியாத அழுகை, மிதமிஞ்சிய தீனி, காரணம் தெரியாத கோபம், தூக்கமில்லாத இரவு எல்லாம் அதன் பின்னோடு வரும். அந்தக் குழந்தை அன்று பட்ட அடியைவிட, பட்டபோது பக்கத்தில் யாருமே இல்லாததுதான் பெரிய காயம். அதை மறுபடியும் யாரும் இல்லாத அறையில் திறந்து வைப்பது எப்படிச் சரியாகும்?

ஆகவே ஒரு வரம்பு போட்டுக்கொள்வது நல்லது. வேலையைத் தள்ளிப்போடுவது, "மாட்டேன்" என்று சொல்ல முடியாமல் தவிப்பது, சில்லறைக் கோபம் இவற்றைத் தனியாகவே விசாரிக்கலாம். கால் மணி, இருபது நிமிஷம் போதும். முடிந்ததும் எழுந்து முகம் கழுவி, அன்றாட வேலையைப் பாருங்கள். குழந்தைப் பருவத்துக் கொடுமை, பலாத்காரம், திடீர் மரணம் போன்றவை நினைவுக்கு வந்தால், "உன்னை மறக்கமாட்டேன், தகுந்த துணையோடு வருகிறேன்" என்று சொல்லி அங்கேயே நிறுத்திவிடுங்கள். வாக்குக் கொடுத்தபடி பயிற்சி பெற்ற ஒருவரைத் தேடவும் வேண்டும்.

இந்த முறையைப் பற்றிய ஆராய்ச்சிகள் இன்னும் கொஞ்சமே என்பதையும் மறக்க வேண்டாம். 2013-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இது வலியிலும் மனச்சோர்விலும் ஓரளவு பலன் தந்தது. அங்கேயும் தேர்ந்தவர்கள் கூட இருந்தே நடத்தினார்கள்.

உலகமே கனவுபோல விலகித் தோன்றினாலும், உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலும், நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு உடனே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், டாக்டரிடம் போங்கள். 2022-ல் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் இலவச உதவிக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

கூட்டுக் குடும்பத்தில் சின்ன மனஸ்தாபங்களை நாமே பேசித் தீர்த்துக்கொள்கிறோம். விவகாரம் பெரிதானால் எல்லோருக்கும் வேண்டிய பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறோம். அதனால் நம் குடும்ப கௌரவம் குறைந்து போவதில்லையே!