பல்லுக் கதிரையில் அமருமுன் கேட்க வேண்டிய இலக்கம்

தமிழ்நாட்டின் திருப்பத்தூர் மாவட்டத்திலுள்ள வாணியம்பாடியில், 2022, 2023ஆம் ஆண்டுகளில் ஒரே பல் கிளினிக்குக்குப் போய்வந்த 10 பேர் மூளையைத் தாக்கும் கடும் தொற்றுக்கு ஆளானார்கள். அவர்களில் 8 பேர் இறந்துபோனார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியர்களும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தொற்றுநோயியல் நிறுவனத்தினரும் சேர்ந்து காரணத்தைத் தேடினார்கள். முரசை எலும்பிலிருந்து விலக்கப் பயன்படும் ஒரு கருவியாலேயே அங்கு சேலைன் போத்தலைத் திறந்திருக்கிறார்கள். திறந்த போத்தலைச் சரியாக மூடாமல் வைத்து, அதே நீரால் அடுத்தடுத்த நோயாளிகளின் வாயைக் கழுவியிருக்கிறார்கள். போத்தலுக்குள் போன கிருமி மெலியோய்டோசிஸ் நோயைத் தருவது. 2025இல் வெளியான அந்த ஆய்வை வாசித்தால் மனம் பதறும். பல்லு வலிக்குப் போனவர்கள் அவர்கள்.

மெலியோய்டோசிஸ் கிருமி சேற்று மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. நெல் விளையும் நாடுகளில் அது அதிகம்; இலங்கையிலும் அந்த நோய் கண்டறியப்பட்டிருக்கிறது. இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்களையும் முத்தையன்கட்டு வாய்க்கால்களையும் நம்பி வாழும் நமக்கு அது ஏதோ ஒரு தூர தேசத்துக் கிருமி அல்ல. ஆகவே கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ ஒருவர் நம் வாய்க்குள் ஊசியும் குறடும் கொண்டு வரும்போது, அவருக்கு அந்த உரிமையைக் கொடுத்தது யார், அவர் தவறினால் அதைப் பறிப்பது யார் என்று நாம் தெரிந்திருக்க வேண்டும்.

இலங்கையில் பல் வைத்தியருக்கென்று தனிச் சபை கிடையாது. 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை மருத்துவ சபைதான் வைத்தியர்களையும் பல் வைத்தியர்களையும் மருந்தாளர்களையும் மருத்துவ மாதுக்களையும் வெவ்வேறு பதிவேடுகளில் பதிகிறது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டம் தனிச் சபையை உருவாக்கியது. அதற்குப் பதிலாக 2023இல் தேசியப் பல் ஆணையச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. இங்கே இன்னும் ஒரே கூரைதான்.

பல் வைத்தியர் ஒருவர் முதலில் பட்டம் பெற வேண்டும். இந்த நாட்டின் பல் மருத்துவக் கல்வி 1943இல் கொழும்பு மருத்துவ பீடத்தில் தொடங்கிப் பின்னர் பேராதனைக்கு மாறியது. நெடுங்காலம் பேராதனை ஒன்றே இதற்கான பீடம். அண்மைக் காலத்தில்தான் ஸ்ரீ ஜயவர்தனபுரவிலும் ஒரு பீடம் வந்தது. வெளிநாட்டில் படித்துவிட்டு வருபவர் மருத்துவ சபையின் பதிவுத் தேர்வில் சித்தியடைய வேண்டும். ஆனால் பட்டம் மட்டும் எவருக்கும் பல்லைத் தொடும் உரிமையைத் தருவதில்லை. பட்டச் சான்றிதழைச் சட்டம்போட்டுச் சுவரில் மாட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு நாம் திருப்திப்படுகிறோம். நாம் பார்க்க வேண்டியது மருத்துவ சபை கொடுத்த பதிவு இலக்கத்தை. பெயர் பதிவேட்டில் இருக்கும்வரைதான் அவர் பல் வைத்தியர். பதிவேட்டிலிருந்து பெயர் வெட்டப்பட்டால் பட்டம் கையில் இருந்தாலும் தொழில் செய்ய முடியாது.

இதற்கு மேல், தனியார் கிளினிக் என்றால் இடமும் பதிவாக வேண்டும். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்தின்படி, தனியார் வைத்தியசாலையைப் போலவே ஒற்றை அறைப் பல் கிளினிக்கும் தனியார் சுகாதாரச் சேவைகள் ஒழுங்குமுறைச் சபையில் ஆண்டுதோறும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பம் மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் ஊடாகப் போகிறது. ஏ9 வீதியோரம் இருக்கும் ஒரு கிளினிக்கின் காகிதம் யாழ்ப்பாணத்தைக் கடந்துதான் கொழும்புக்குப் போகும். முழுநேரக் கிளினிக், பகுதிநேரக் கிளினிக் என்று தனித்தனி வகைகளும் உண்டு. காலையில் அரச வைத்தியசாலையில் கடமை பார்க்கும் பல் வைத்தியர் மாலையில் தனியாகச் சிகிச்சை அளிப்பது சட்டப்படி சரியே. ஆனால் அந்த மாலை நேர அறைக்கும் பதிவு வேண்டும். ஆளுக்கு ஒரு பதிவு, இடத்துக்கு ஒரு பதிவு. ஒன்று இருப்பதால் மற்றதும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வன்னியில் இந்தக் கேள்விகளைக் கேட்கும் பழக்கம் வேரூன்றவில்லை. அதற்குச் சனத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. போர் முடிந்த 2009 மே வரையிலும், அதன் பிறகு முகாம்களிலும், வலி நின்றால் போதும் என்ற நிலைதான் இருந்தது. மீளக் குடியேறிய பிறகும் மாவட்ட வைத்தியசாலைப் பற்சிகிச்சைப் பிரிவுக்குப் போவதென்றால், மல்லாவியிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ காலை பஸ் பிடித்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சிகிச்சை இலவசம், அந்த நாட்கூலி இலவசமல்ல. அதனால்தான் கொடுப்புப் பல்லில் சூத்தை விழுந்தால் பனடோலை விழுங்கிக்கொண்டு கிடக்கிறார்கள், முகம் வீங்கிய பிறகு அருகில் யார் இருக்கிறாரோ அவரிடம் ஓடுகிறார்கள். தகுதியில்லாதவருக்கு வாடிக்கையாளர் கிடைப்பது இந்த இடைவெளியில்தான்.

தகுதியில்லாதவர் என்றால் எல்லோரும் மோசடிக்காரர் அல்ல. பல் செட் செய்யும் தொழில்நுட்பவியலாளர் திறமையான கைவினைஞராக இருக்கலாம். பல் வைத்தியர் எடுத்துக் கொடுத்த அச்சுக்குச் செட் செய்வது அவர் தொழில். ஆனால் தானே வாய்க்குள் அச்செடுத்து, வேரை இழுத்து, ஊசி போடத் தொடங்கினால் அவர் எல்லை தாண்டிவிட்டார். பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் வேறு வகையினர். கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்தின் உதவியுடன் 1950களில் தொடங்கிய பயிற்சி அது. நியூசிலாந்து தன் பிள்ளைகளுக்காக 1921இலேயே அந்த முறையை உருவாக்கியிருந்தது. மகரகமவில் பயின்ற அவர்கள் சின்னப் பிள்ளைகளின் பற்களைப் பார்க்க உரிமை பெற்றவர்கள். பெரியவர்களுக்குத் தனியாகக் கிளினிக் வைக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. சித்த, ஆயுர்வேத வைத்தியர்களின் பதிவு 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் வருவது. அதை வைத்து நவீன முறையில் விறைப்பு ஊசி போட்டுப் பல் பிடுங்க முடியாது.

பதிவில்லாதவர் பல்லைப் பிடுங்கிவிடுவார், அது பெரும்பாலும் ஆறியும் விடும். அவர் கவனிக்காமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. இலங்கை ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றும் வயலிலும் கடலிலும் உழைப்பவர்களின் மடியில் எப்போதும் இருப்பவை. கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத வெள்ளைத் திட்டு, நாளுக்கு நாள் வாய் திறப்புக் குறைவது, மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண் ஆகியவற்றைப் படித்த கண் பிடித்துவிடும். உடனே வைத்தியசாலைக்கு அனுப்பும். பல்லைப் பிடுங்கி காசை வாங்கிக்கொண்டு அனுப்பினால் அந்த மனிதர் ஆறு மாதம் கழித்து முற்றிய நோயோடு போவார்.

பதிவுள்ள வைத்தியரே தவறு செய்தால் என்ன வழி? சட்டம் இதைத் தொழில்சார் இழிநடத்தை என்ற வகையில் வைக்கிறது. தன் பெயரில், தன் பலகையின் கீழ், தகுதியில்லாத ஒருவரை வேலை செய்ய விடுவது அதில் முக்கியமானது. நோயாளியோடு முறைகேடாக நடப்பது, பொய்ச் சான்றிதழ் கொடுப்பது, ஆள் பிடிக்க விளம்பரம் செய்வது, கடும் கவனயீனம் எல்லாம் இதில் அடங்கும். நீதிமன்றம் ஒருவரைக் குற்றவாளியாகக் கண்டாலும் சபை அவரது பதிவை ஆராயலாம்.

முறைப்பாடு வாய்மொழியாகச் சொன்னால் எடுபடாது. நடந்ததை எழுதி, ஒரு சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்து, கொழும்பு 10, நொரிஸ் கனல் வீதி, 31ஆம் இலக்கத்திலுள்ள மருத்துவ சபையின் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். சபை வைத்தியரிடம் விளக்கம் கேட்கும். இரண்டையும் ஆரம்ப விசாரணைக் குழு பார்க்கும். வழக்கு இருக்கிறதென்று அது கண்டால் தொழில் நடத்தைக் குழுவுக்கு அனுப்பும். அங்கே சாட்சி விசாரணை நீதிமன்றத்தைப் போலவே நடக்கும், சட்டத்தரணிகள் தோன்றலாம். முடிவில் எச்சரிக்கை, இடைநிறுத்தம், பெயர் நீக்கம் என்று தண்டனை அமையும். அந்த முடிவில் சட்டப் பிழை இருந்தால் மேன்முறையீட்டு நீதிமன்றத்திடம் எழுத்தாணை கோரலாம்.

பலர் ஏமாறும் இடமொன்று உண்டு. மருத்துவ சபை நட்டஈடு வாங்கித் தராது. அது தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பு. நட்டஈடு வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும், அது கடினமான பாதை. ஒரு குழந்தையின் மரணம் தொடர்பாகப் பேராசிரியர் பிரியானி சொய்சா மீது தொடுக்கப்பட்ட வழக்கில் கீழ் நீதிமன்றங்கள் கொடுத்த நட்டஈட்டை 2001இல் உயர் நீதிமன்றம் இரத்துச் செய்தது. கவனயீனம் இருந்தாலும், அதனால்தான் அந்தக் குழந்தை இறந்தது என்பது நிறுவப்படவில்லை என்றது நீதிமன்றம். இந்தியாவில் 1995ஆம் ஆண்டு வி.பி. சாந்தா வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு, காசு கொடுத்துச் சிகிச்சை பெற்றவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம். அத்தகைய மாவட்ட மன்றம் நமக்கில்லை.

அரச வைத்தியசாலையில் நடந்த தவறென்றால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனைக்கும் எழுதலாம். அங்கே தாபனக் கோவையின்படி தனி ஒழுக்காற்று விசாரணை நடக்கும். பதிவே இல்லாதவரென்றால் அது குற்றவியல் விடயம்; பொலிஸுக்கும் பிராந்தியப் பணிமனைக்கும் அறிவிக்க வேண்டும். அவர் வைத்திருக்கும் விறைப்பு மருந்து எங்கிருந்து வந்தது என்பதை உணவு, மருந்துப் பரிசோதகர் கேட்க முடியும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் அதற்கு இடம் தருகிறது.

என் குறை இதுதான். இந்த ஏற்பாடு முழுவதும் நோயாளி எழுதும் கடிதத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. புதுக்குடியிருப்பில் கூலி வேலை செய்யும் ஒரு பெண், சத்தியக்கடதாசி முடித்து, விசாரணை நாளில் கொழும்புக்குப் பயணப்பட்டு, படித்தவர்கள் நிறைந்த அறையில் ஒரு வைத்தியருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. அவள் வரமாட்டாள். வராததைக் குறைபாடில்லை என்று எவரும் கணக்கில் எழுதக் கூடாது. முறைப்பாட்டைக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பணிமனைகளிலேயே தமிழில் ஏற்று, அங்கேயே சாட்சியத்தைப் பதிந்து சபைக்கு அனுப்பும் ஏற்பாடு வேண்டும். கிளினிக் பதிவைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் அதிகாரி நேரில் போய் ஓட்டோகிளேவ் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். 121 பாகை வெப்பத்தில் 15 நிமிடம், அல்லது 134 பாகையில் 3 நிமிடம் அழுத்த நீராவியில் கருவிகள் இருந்தாக வேண்டும். கொதிநீர்ச் சட்டியில் போட்டெடுப்பது கிருமியழிப்பு ஆகாது.

அந்த ஏற்பாடுகள் வரும்வரை நாமே செய்யக்கூடியவை உண்டு. கிளினிக்கில் பதிவு இலக்கம் கேளுங்கள். மருத்துவ சபையின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம், வீட்டில் படிக்கும் பிள்ளை கைபேசியிலேயே பார்த்துத் தரும். கருவிப் பொதி உங்கள் கண்முன் பிரிக்கப்படுகிறதா, ஊசி புதியதா, சேலைன் போத்தல் எப்படித் திறக்கப்படுகிறது என்று கவனியுங்கள். பற்றுச்சீட்டும் மருந்துச் சீட்டும் கேட்டு வாங்கி வையுங்கள். திகதியும் வைத்தியரின் பெயரும் அதில் இருக்கட்டும். இடத்தின் பதிவு பற்றிச் சந்தேகமென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாகாணத் திணைக்களத்திடம் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். பதில் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள்.