மிதித்தால் கண்ணாடிக்குப் போகும் ஏசி காற்று

1987-உடன் உற்பத்தி முடிந்துபோன ப்யூக் கிராண்ட் நேஷனல் காரை, அதன் 3.8 லிட்டர் வி6 டர்போ எஞ்சினுக்காகவே அமெரிக்காவில் இன்னும் பேணி வைத்திருப்பவர்கள் உண்டு. அந்தக் காலத்து டர்போ கார்களில் காணப்படும் கோளாறு ஒன்று: முகத்தில் குளுகுளுவென்று வீசும் ஏசி காற்று, ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் முன்கண்ணாடிப் பக்கம் ஓடிவிடும், காலை எடுத்தால் திரும்பி வரும். உடனே டேஷ்போர்டைக் கழற்றப் போகிறவர்கள்தான் அதிகம். அது வீண் வேலை. கோளாறு தலைகாட்டும் நேரமே இடத்தைச் சொல்லிவிடுகிறது: தேட வேண்டியது முதலில் பானெட்டுக்கு அடியில்.

காற்றைத் திசைதிருப்பும் கதவுகளை இழுப்பது மின்மோட்டார் அல்ல, எஞ்சினின் வேக்குவம். அது கிடைக்காதபோது ஸ்பிரிங் கதவைக் கண்ணாடிப் பக்கம் தள்ளிவிடும். பனி படிந்து ஓட்டுநருக்குப் பாதை மறையக் கூடாதென்று வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இது. சாதாரண எஞ்சினிலும் முழுதாக மிதித்தால் வேக்குவம் ஏறக்குறைய இல்லாமல் போகும். டர்போவிலோ அதோடு நிற்பதில்லை. உறிஞ்சிய குழாயே ஊதத் தொடங்குகிறது. அந்த நேரத்துக்காகத்தான் சிறு சேமிப்புக் குடுவையும், காற்றை ஒரு திசையில் மட்டும் விடும் செக் வால்வும் இருக்கின்றன. வால்வு பழுதானாலோ, எஞ்சின் சூட்டில் வெந்து ஹோஸ் வெடித்திருந்தாலோ சேமிப்பு நொடியில் தீர்ந்துவிடும்.

டேஷ்போர்டுக்குள் கதவை இழுக்கும் டயாஃப்ரம் கிழிந்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். கிழிந்திருக்கலாம். ஆனால் அப்படியென்றால் அந்தக் கதவு, கார் சும்மா நிற்கும்போதும் பெரும்பாலும் சரியாக வேலை செய்யாது. கை வேக்குவம் பம்பைக் குடுவையின் ஹோஸில் மாட்டி 15 அங்குலப் பாதரச அளவுக்கு இழுத்துவிட்டு, ஏசி குமிழை ஒவ்வொரு நிலையாகத் திருப்பிப் பார்த்தால் போதும். பம்பின் முள் ஒரு நிலையில் மட்டும் இறங்கினால் உள்ளே கைவைக்கலாம். எல்லா நிலையிலும் அசையாமல் நின்றால் டேஷ்போர்டைத் தொடவே வேண்டாம். புகை விட்டுப் பார்த்தாயிற்று, ஒழுக்கே இல்லை என்பது இன்னொரு வாதம். எஞ்சின் பக்கமிருந்து விட்ட புகையை நல்ல செக் வால்வு மறித்துவிடும். அதற்கு அப்பாலுள்ள குழாய்களைச் சோதித்ததாகவே ஆகாது. வால்வைக் கழற்றி இரு பக்கமும் வாயால் ஊதினால் உண்மை தெரியும். புதியதைத் திருப்பி மாட்டிவிட்டால் வேக்குவம் எப்போதுமே வராது என்பதையும் மெக்கானிக்கிடம் சொல்லி வையுங்கள். காற்று எங்கே வீசினால் என்ன என்று விட்டுவிடவும் முடியாது. அதே ஓட்டை வழியே எஞ்சினின் காற்று அளவுமானியைக் கடக்காத காற்று எஞ்சினுக்குள் புகுந்தால் ஐட்லிங்கும் தடுமாறும்.