தறி நின்றால் விழிக்கும் பிள்ளை

சோமனூரில் எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக் கூடம். தறி ஓடுகிறவரை தம்பி சேலைத் தொட்டிலில் அசந்து தூங்குவான். கரண்ட் போய்ச் சத்தம் நின்றால் வீறிட்டு எழுவான். "கரண்டு வர்ற வரைக்கும் ஆட்டு கண்ணு" என்று அம்மிச்சி என்னை உட்கார்த்திவிடுவார்.

பிள்ளையை எழுப்பியது சத்தமல்ல, மாற்றம். கைக்குழந்தையின் தூக்கம் ஏறத்தாழ 50 நிமிடத்துக்கு ஒரு சுற்று, பெரியவர்களுக்கு 90. சுற்று முடிகிறபோது அரைவிழிப்பு வரும். ஆடிக்கொண்டே தூங்கிய பிள்ளை, ஆட்டம் நின்றிருந்தால் அழுது கூப்பிடும்.

பிரசவத்துக்கு வந்த தாய்வீட்டில் அம்மிச்சி, சித்தி என்று ஆட்டும் கை மாறிக்கொண்டே இருக்கும். ஐந்தாம் மாதம் பிள்ளையோடு சரவணம்பட்டி அடுக்ககத்துக்குத் திரும்பினால் தொட்டில் கட்டக் கொக்கியும் இல்லை, கையும் இல்லை. தூக்கம் பழக்கும் பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் ஃபெர்பர் 1985இல் எழுதிய புத்தகத்தால் பரவிய முறையில், அழும் குழந்தையை இடைவெளியை நீட்டி நீட்டிப் போய்ப் பார்ப்பார்கள். எல்லோரும் ஒரே அறையில் படுக்கும் லைன் வீட்டில் அதெல்லாம் நடக்காது.

மெதுவான வழியும் உண்டு. கண் சொருகும்போதே ஆட்டத்தைத் தணித்து, முழுத் தூக்கத்துக்கு முன் நிறுத்தி, நெஞ்சில் கைவைத்துத் தட்டுங்கள். சில நாளில் தட்டுவதும் குறையட்டும். அழுதால் தூக்கிக்கொள்ளுங்கள். 5 நிமிடம் தூக்கி நடந்து, தூங்கியபின் 5 முதல் 8 நிமிடம் மடியில் வைத்திருந்து கிடத்தினால் விழிப்பது குறையும் என்கிறது ஜப்பானின் ரிக்கென் ஆய்வகம் 2022இல் வெளியிட்ட ஆய்வு.

முதல் இரண்டு மூன்று மாதம் பிள்ளைக்கு இரவு பகல் தெரியாது. காலையில் வாசல் வெளிச்சம் காட்டுங்கள். இரவில் விளக்கைத் தணித்து, பால், தாலாட்டு என்று தினமும் ஒரே வரிசை. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 கணக்குப்படி, பகல் தூக்கமும் சேர்த்து 4 முதல் 11 மாதம்வரை 12–16 மணி நேரம், 1–2 வயதில் 11–14 மணி நேரம் தூங்க வேண்டும்.

தூங்கியதும் தொட்டிலிலிருந்து எடுத்து, தட்டையான கெட்டிப் படுக்கையில் மல்லாக்கக் கிடத்துங்கள். கடுகுத் தலையணையும் வேண்டாம். ஆட்டம் நின்றபின் தூங்கப் பழகிய பிள்ளைக்கு இந்த இடமாற்றம் பெரிதல்ல.

கரண்ட் வராத ராத்திரிகளில் பல நாள் என் கைதான் முதலில் தூங்கிப்போகும். ஆட்டம் எப்போது நின்றதென்று எனக்கும் தெரியாது, தம்பிக்கும் தெரியாது. விடியும்போது இருவரும் தூங்கிக்கொண்டிருப்போம்.