ஒரு நூல் விலகல்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரும் சாலையில் இருட்டத் தொடங்கும் நேரம். எங்கள் வீட்டு அம்பாசடரில் ஹெட்லைட்டைப் போட்டதும் பானெட்டுக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம் கிளம்பும். வேகம் எடுத்தால் தேய்ந்து அடங்கும், ஆக்சிலேட்டரை விட்டால் மறுபடி வரும். பெல்ட் தளர்ந்துவிட்டது என்று இறுக்கினோம். பத்து நாள் அமைதியாக இருந்து மீண்டும் கத்தியது. மறுபடி இறுக்கினோம். மூன்றாம் முறை இறுக்கிய கொஞ்ச நாளில் வாட்டர் பம்பின் பேரிங் போய், ரேடியேட்டர் தண்ணீர் ரோட்டில் கொட்டியது.

அதன்பிறகு வண்டியைப் பார்த்தவர் மெக்கானிக் அல்ல, நூற்பாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பானெட்டைத் திறந்து சற்று நேரம் குனிந்து பார்த்தார். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், வாங்கவில்லை. "தம்பி, மொதல்ல ஒரு நூல் குடுங்க" என்றார். நூலைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு நூல் தள்ளி நிக்குது."

முதல் நூல் பருத்தி நூல், இரண்டாவது அளவு. அங்குலத்தில் எட்டில் ஒரு பாகம், அதாவது மூன்று மில்லிமீட்டர் சொச்சம். தச்சரும் கொத்தனாரும் கம்பி கட்டுபவரும் இன்றும் அந்தக் கணக்கில்தான் பேசுகிறார்கள். ஒரு காரைக் கெடுக்க இந்த ஒரு நூல் எப்படிப் போதுமாயிற்று என்பதைத்தான் அன்று அவரிடம் கற்றுக்கொண்டேன்.

அம்பாசடர் 1958-இல் சந்தைக்கு வந்த கார். பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைப் பின்பற்றியது. 2014 மே மாதம் மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் உற்பத்தி நிற்கும்வரை உருவம் பெரிதாக மாறாமலே ஓடியது. அதன் பழைய 1489 சிசி எஞ்சினுக்கு முன்னால் மூன்று புல்லிகள் முக்கோணமாக நிற்கும். கீழே கிராங்க் ஷாஃப்டின் புல்லி, மேலே விசிறியோடு சேர்ந்த வாட்டர் பம்ப் புல்லி, பக்கவாட்டில் டைனமோ. மூன்றையும் சுற்றி ஒரே ஒரு பெல்ட். எஞ்சினைக் குளிர்விப்பதும் பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டுவதும் அதன் வேலைதான். அது அறுந்தால் இரண்டும் ஒன்றாக நிற்கும்.

டைனமோவுக்கு ஒரு குறை உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதிலிருந்து மின்சாரம் வராது. முழு வேகத்திலும் இருபது ஆம்பியரை ஒட்டித்தான் தரும். ஹெட்லைட் இரண்டுக்கு மட்டுமே பத்து ஆம்பியர் வரை போய்விடும். சென்னை பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் போன்ற ஆலைகளிலிருந்து ஆல்டர்னேட்டர்கள் வரத் தொடங்கியபின், பழைய கார் வைத்திருந்தவர்கள் டைனமோவைக் கழற்றிவிட்டு அதைப் பொருத்தத் தொடங்கினார்கள். வண்டி நின்று எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் அது மின்சாரம் தரும். பராமரிப்பும் குறைவு. நல்ல மாற்றம்தான். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: பழைய பிரிட்டிஷ் வம்சத்துக் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். அதை மாற்றாமல் ஆல்டர்னேட்டரை இணைத்தால் உள்ளே இருக்கும் டயோடுகள் அந்த நொடியே எரிந்துவிடும்.

எங்கள் வண்டியின் கோளாறும் இந்த மாற்றத்தில்தான் பிறந்திருந்தது. டைனமோ நீளமான உருளை, ஆல்டர்னேட்டர் குட்டையான தடித்த பண்டம். அதன் காதுகள், அதாவது போல்ட் நுழையும் துளையுள்ள பாகங்கள், டைனமோவின் காதுகள் இருந்த இடத்தில் இருக்காது. பழைய பிராக்கெட்டிலேயே நாலு வாஷரைச் சேர்த்து மாட்டினால் போல்ட் ஏறிவிடும், வண்டியும் ஓடும். ஆனால் புல்லி மற்ற இரண்டும் நிற்கும் கோட்டில் நிற்காது.

அப்படி விலகி நின்றால் என்ன கெடுதி? வி-பெல்ட் எப்படி இழுக்கிறது என்று தெரிந்தால் விளங்கும். அதன் குறுக்குவெட்டு மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கும். புல்லியின் பள்ளத்தில் அது ஆப்புப் போல இறங்கி இரு பக்கச் சுவர்களையும் நெருக்கும். அந்த நெருக்கத்தில்தான் அதன் பிடி இருக்கிறது. பள்ளத்தின் கோணம் 38 பாகை என்று வைத்துக்கொண்டால், தட்டையான பெல்ட்டைவிடச் சுமார் மூன்று மடங்கு பிடிப்பு கிடைக்கும். பள்ளத்தின் அடி பளபளவென்று தேய்ந்திருந்தால் பெல்ட் அடியில் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். ஆப்பு வேலை செய்யாது, எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும்.

தட்டை பெல்ட்டில் ஒரு வசதி இருக்கிறது. பழைய ஆலைகளின் நெடுந்தண்டுகளிலும் அரவை மில்களிலும் ஓடிய தட்டை பெல்ட்டுக்கு உரிய புல்லியை உற்றுப் பார்த்தால் நடுவே லேசாக மேடு தட்டியிருக்கும். பெல்ட் எப்போதும் பெரிய விட்டம் உள்ள பக்கம் ஏறப் பார்க்கும் என்பதால், விலகினாலும் தானாகவே நடுவுக்கு வந்துவிடும். வி-பெல்ட்டால் அப்படித் திருத்திக்கொள்ள முடியாது. பள்ளத்தின் சுவர் அதைப் பிடித்துவைத்திருக்கும். புல்லி கோணலாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பெல்ட் ஒரு சுவரில் உராய்ந்துகொண்டே உள்ளே நுழைந்து, உராய்ந்துகொண்டே வெளியேறும். ஆல்டர்னேட்டர் புல்லி சிறியது. எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் அது ஏறக்குறைய இரண்டு சுற்றும். எஞ்சின் நிமிடத்துக்கு 2500 சுற்றில் ஓடும்போது அது விநாடிக்கு எண்பது தடவைக்கு மேல் சுழல்கிறது. அத்தனை தடவையும் உராய்வு. ஒட்டி, விட்டு, ஒட்டி, விட்டு எழும் அதிர்வுதான் நாம் கேட்கும் கீச்சு. பெல்ட்டின் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி போல மினுங்குவதும், புல்லியைச் சுற்றிக் கறுப்புத் தூள் படிவதும் இதன் அடையாளங்கள்.

ஹெட்லைட் போட்டதும் ஆல்டர்னேட்டரைச் சுழற்றக் கூடுதல் விசை வேண்டியிருப்பதால் கத்தல் கூடுகிறது. இதைத் தளர்ச்சி என்று எண்ணி இறுக்கினால், உராய்வு அப்படியே இருக்க, பேரிங்குகள் மேல் பாரம் ஏறுகிறது. ஆடிப்பூரத் தேரோட்டத்தை ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆண்டாள் தேர் ஒரு பக்கமாக ஒதுங்கினால் வடத்தை இன்னும் பலமாக இழுத்துப் பயனில்லை. சக்கரத்தடியில் கட்டை கொடுப்பவர்தான் திசையைத் திருப்புவார்.

விலகலைக் கண்டுபிடிப்பது எளிது, பொறுமை மட்டும் வேண்டும். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் எப்போதும் பேட்டரியோடு உயிருடன் இருக்கிறது. ஸ்பேனரோ இரும்பு ஸ்கேலோ பட்டால் பொறி பறக்கும். பிறகு பெல்ட்டைக் கழற்றி ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். புல்லியே வளைந்து ஆடினால் அதை மாற்றாமல் மேற்கொண்டு எதை அளந்தாலும் வீண்.

கிராங்க் புல்லியை நகர்த்த முடியாது, வாட்டர் பம்பும் அப்படித்தான். ஆகவே கிராங்க் புல்லிதான் ஆதாரம். நூலை அதன் முகப்பில் இரு விளிம்பையும் தொடும்படி இழுத்து, அப்படியே ஆல்டர்னேட்டர் புல்லி வரை நீட்டிப் பிடிக்க வேண்டும். விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் இடையே ஸ்கேல் நுழையாத சந்திலும் நூல் போகும். ஆல்டர்னேட்டர் புல்லியின் இரு விளிம்பிலும் இடைவெளி சமமாக இருந்தால் அது முன்னோ பின்னோ தள்ளி நிற்கிறது. ஒரு விளிம்பு தொட்டு மறு விளிம்பு விலகினால் முகம் திரும்பி நிற்கிறது. இரண்டும் சேர்ந்தும் வரும். புல்லிகளின் விளிம்புத் தடிமன் ஒன்றுபோல் இல்லாவிட்டால் முகப்பை நம்பக் கூடாது. பள்ளத்தில் பொருந்தும் நேரான கம்பியைக் கிராங்க் புல்லியின் பள்ளத்தில் படுக்கவைத்து, அது மற்ற பள்ளத்தின் நடுவுக்குப் போகிறதா என்று பார்ப்பதே சரி.

எவ்வளவு விலகலைப் பொறுக்கலாம்? வி-பெல்ட்டுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை அரைப் பாகை. ஓர் அடி இடைவெளிக்கு இரண்டரை மில்லிமீட்டரை ஒட்டி வரும். நூல் கணக்கில் ஒரு நூலுக்கும் குறைவு. எங்கள் வண்டியில் இடைவெளி ஓர் அடிகூட இல்லை, விலகலோ முழுசாக ஒரு நூல். வேறு விசாரணை தேவைப்படவில்லை.

முன்பின் விலகலுக்கு, பின்பக்க வாஷரை முன்னுக்கு மாற்றுவதில் தொடங்கலாம். அதைவிட நல்லது, அளவெடுத்து லேத்தில் ஒரே துண்டாகக் கடைந்த ஸ்பேசர். ராஜபாளையத்தில் இதற்கு அலைய வேண்டியதில்லை. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய காலம் முதல் நூற்பாலைகளை நம்பி வளர்ந்த ஊர் இது. பஞ்சாலை எந்திரத்துக்கு நூல் பிடித்துப் பழகிய கைகள் இங்கே உண்டு. பிராக்கெட்டுக்கும் காதுக்கும் நடுவே இடைவெளியை விட்டுவிட்டு போல்ட்டை முறுக்குவதுதான் பெரிய தவறு. அலுமினியக் காது வளைந்து ஒரு நாள் விரிசல் விடும்.

முகம் திரும்பி நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் தேய்மானம். ஆண்டுக்கணக்கில் அதிர்ந்து பிராக்கெட் துளை முட்டை வடிவமாகியிருக்கும். பெல்ட் இழுக்கும்போது ஆல்டர்னேட்டர் சாய்ந்துகொடுக்கும். ஓடாத எஞ்சினில் நூல் சரியென்று காட்டிவிட்டு, ஓடும்போது கத்துவது இப்படித்தான். துளையைச் சீராகப் பெருக்கி புஷ் அடிக்க வேண்டும், போல்ட்டும் புதிதாக இருக்கட்டும். எங்கள் வண்டிக்குக் கடைந்த ஸ்பேசர் ஒன்றும் புஷ் இரண்டும் தேவைப்பட்டன.

இறுக்கம் கடைசி வேலை. மிக நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் பெல்ட் அரை அங்குலம், அதாவது நாலு நூல் இறங்க வேண்டும். புது பெல்ட் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தளரும், மறுபடி இழுத்து வைக்க வேண்டிவரும். அப்போது ஆல்டர்னேட்டர் பெல்ட்டை இறுக்கும் பட்டையில் சற்று வெளியே நகர்ந்திருக்கும். போல்ட்டுகளை முறுக்கியபின் நூலை இன்னொரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பானெட்டை மூட வேண்டும்.