இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின்: செவிலியர் தொடங்குவதும் குடும்பத்தார் தொடர வேண்டியதும்

“அப்பாவைச் சற்று நேரம் தூங்க விடக்கூடாதா?” திறந்த இதய அறுவைச் சிகிச்சைக்கு மறுநாள், தீவிர சிகிச்சைப் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மார்பெலும்பைத் திறந்து செய்த பெரிய அறுவை, உடலில் பல குழாய்கள், முகத்தில் களைப்பு. அந்நிலையிலும் செவிலியர் வந்து எழுப்புகிறார், இருமச் சொல்கிறார், நாற்காலியில் அமர வைக்கிறார். பார்த்துக்கொண்டிருக்கும் மனைவிக்கோ மகனுக்கோ அது இரக்கமற்ற செயலாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் அவை ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. அக்காரணங்களை அறிந்துகொண்ட குடும்பத்தாரால்தான் அப்பணியை வீட்டிலும் முறையாகத் தொடர முடியும்.

முதல் நாள்

அறுவை அரங்கிலிருந்து வரும் நோயாளி மயக்க நிலையில், செயற்கைச் சுவாசக் கருவியின் துணையுடன் இருப்பார். பெரும்பாலானோருக்குச் சில மணி நேரத்தில், நன்கு விழித்துத் தாமாகச் சுவாசிக்கத் தொடங்கியதும், அந்தக் குழாய் அகற்றப்படும். அதுவரை அவரால் பேச இயலாது. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, சர்க்கரை ஆகியவற்றுடன் சிறுநீரின் அளவையும் செவிலியர் மணிக்கணக்கில் குறித்துவருவார். இதயம் போதிய இரத்தத்தைச் செலுத்துகிறதா என்பதைச் சிறுநீரகங்கள் விரைவிலேயே காட்டிவிடும். மார்பிலிருந்து வரும் வடிகால் குழாயையும் அவர் திரும்பத் திரும்பப் பார்ப்பார். இரத்தம் திடீரென அதிகமானால் உள்ளே கசிவு இருக்கலாம். திடீரென நின்றுவிட்டாலோ, குழாய் அடைபட்டு இதயத்தைச் சுற்றி இரத்தம் தேங்கத் தொடங்கியிருக்கலாம். இரண்டுமே உடனடியாகக் கவனிக்க வேண்டியவை.

ஏன் இருமச் சொல்கிறோம்?

அறுவையின்போது இதயம், நுரையீரல் ஆகியவற்றின் வேலையை ஓர் இயந்திரம் ஏற்றிருந்தால், அந்நேரத்தில் நுரையீரல் பெரும்பாலும் விரியாமல் இருக்கும். அதன் சிறு காற்றறைகள் சில சுருங்கிவிடும். பின்னர் வலிக்கு அஞ்சி நோயாளி மேலோட்டமாக மூச்சு விடுவார். சளி தேங்கும், நிமோனியா வரக்கூடும். ஆழ்ந்து மூச்சிழுப்பதும் இருமுவதும் இதைத் தடுக்கின்றன.

மூன்று பந்துகள் கொண்ட மூச்சுப் பயிற்சிக் கருவியைப் பலர் ஊதுகிறார்கள். அது ஊதும் கருவி அன்று. மெதுவாக உள்ளே இழுக்க வேண்டிய கருவி. விழித்திருக்கும்போது மணிக்கு ஏறத்தாழ 10 முறை செய்வது நல்லது. இருமும்போது ஒரு தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டால் எலும்பின் விளிம்புகள் அசையா, வலியும் குறையும். வலி மாத்திரையைத் தவிர்த்துப் பொறுத்துக்கொள்வது வீரமன்று. வலி அடங்கினால்தான் இரும முடியும், நடக்க முடியும்.

படுக்கை ஓய்வன்று

ஒரு நோயாளியை நினைத்துக்கொள்கிறேன். நல்ல நிலையில் வீடு திரும்பினார். குடும்பத்தார் அன்பு மிகுதியால் அவரைக் கட்டிலைவிட்டு இறங்க விடவில்லை; தண்ணீரும் உணவும் படுக்கைக்கே வந்தன. பத்தே நாளில் காய்ச்சலும் நெஞ்சுச் சளியுமாக அவர் மீண்டும் எங்களிடம் வந்தார். அவருடைய மனைவி கண்கலங்கிச் சொன்னது: “அவருக்கு நல்லது என்றுதானே செய்தோம், டாக்டர்.” குற்றம் அந்த அம்மையாருடையதன்று. காரணத்தை விளக்கிச் சொல்லாத எங்களுடையது.

படுத்தே இருந்தால் தசைகள் வலுவிழக்கும், கால் நரம்புகளில் இரத்தம் உறையக்கூடும், நுரையீரல் முழுமையாக விரியாது. ஆகவே வீட்டில் முதலில் 5 நிமிடம், ஒரு நாளில் சில முறை, சமதளத்தில் நடக்கட்டும். நாள்தோறும் சிறிது கூட்டலாம். நடந்துகொண்டே பேச முடிகிறதென்றால் அந்த வேகம் சரியானது. பேச்சுக்கு மூச்சு வாங்கினால் நிறுத்தி அமர வேண்டும்.

மார்பெலும்பைக் காத்தல்

பிரித்த மார்பெலும்பை எஃகுக் கம்பிகளால் இணைத்திருப்போம். எலும்பு கூட 6 முதல் 8 வாரங்கள் ஆகும். முழு வலு பெற ஏறத்தாழ 3 மாதங்கள் ஆகலாம். அதுவரை:

• எழும்போது கைகளை ஊன்றி உடலைத் தூக்கக் கூடாது. ஒருபக்கமாகத் திரும்பி, கால்களைக் கீழே இறக்கி, பிறகு எழ வேண்டும்.
• உடனிருப்போர் கையைப் பிடித்து இழுத்தோ அக்குளில் கைகொடுத்தோ தூக்கக் கூடாது. முதுகுப்புறம் தாங்கினால் போதும்.
• சுமார் 4 கிலோவுக்கு மேற்பட்ட எதையும் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடமும் பேரக்குழந்தையும் இதில் அடங்கும். பேரக்குழந்தையை அமர்ந்திருக்கும்போது பக்கத்தில் வைத்துக் கொஞ்சலாம்.
• மருத்துவர் அனுமதிக்கும்வரை இருசக்கர வாகனமோ காரோ ஓட்டக் கூடாது.

மனம் தடுமாறும் நாட்கள்

அறுவைக்குப் பிந்தைய சில நாட்களில், குறிப்பாக முதியோர், இடம் பொழுது தெரியாமல் குழம்பலாம், இல்லாதவற்றைக் காணலாம், குழாய்களைப் பிடுங்கலாம். இது பெரும்பாலும் சில நாட்களில் தெளியும். இங்கே உங்கள் குரலே சிறந்த மருந்து. மூக்குக்கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் கொண்டுவந்து கொடுங்கள். இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறார் என்று நிதானமாகச் சொல்லுங்கள், வாதிடாதீர்கள்.

வீடு திரும்பியபின் காரணமின்றி அழுகை, எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை ஆகியவை சில வாரங்கள் இருக்கலாம். அது பலவீனமன்று. வாரங்கள் கடந்தும் நீடித்தால் எங்களிடம் சொல்லுங்கள்.

வீட்டில் நாள்தோறும்

புண்ணை மென்மையான சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, ஒற்றித் துடைத்தால் போதும். மஞ்சள், விபூதி, எண்ணெய், பவுடர் எதையும் அதன்மேல் இடாதீர்கள். இரத்தக் குழாய் எடுத்த காலில் வீக்கம் இருப்பின், அமரும்போது காலை உயர்த்தி வையுங்கள். காலையில் சிறுநீர் கழித்தபின், உண்ணும் முன் எடை பார்த்து எழுதிவையுங்கள். சர்க்கரை நோயாளிகள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால்தான் புண் ஆறும். எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்தக் கூடாது. வார்ஃபரின் உட்கொள்வோர் கீரையை அடியோடு விட வேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்டு, இரத்தப் பரிசோதனை நாளைத் தவறவிடாதிருக்க வேண்டும்.

உடனே தெரிவிக்க வேண்டியவை

100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல், புண்ணில் சீழ் அல்லது பரவும் சிவப்பு, இருமும்போது மார்பெலும்பில் ‘கிளிக்’ என்ற அசைவு, ஒரே நாளில் 1 கிலோ அல்லது ஒரு வாரத்தில் 2 கிலோ எடை கூடுதல், ஒரு கெண்டைக்காலில் மட்டும் வலியுடன் வீக்கம், சீரற்ற படபடப்பு. இவற்றுள் எது தோன்றினாலும் அன்றே எங்களை அழையுங்கள்.

கடும் நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், மயக்கம், முகம் கோணுதல், பேச்சுக் குழறல், கை கால் செயலிழத்தல் ஆகியவற்றுக்குக் காத்திராமல் 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

வீடு திரும்பும் நாளில் ஒன்று செய்யுங்கள். செவிலியரை அருகில் அழைத்து, அவர் பார்க்க, நோயாளியைக் கட்டிலிலிருந்து நீங்களே ஒருமுறை எழுப்பி நடத்திக் காட்டுங்கள். தவறிருந்தால் அவர் அங்கேயே திருத்துவார்.