எருக்கம்பால் நஞ்சே கவசம்: பறவைகளிடமிருந்து வண்ணத்துப்பூச்சி தப்புவது எப்படி?

வேண்டாத செடியென வெட்டப்படும் எருக்கு, இந்தியாவில் பரவலாகக் காணப்படும் 'வெந்தய வரியன்' வண்ணத்துப்பூச்சியின் உயிர்க்காப்பு. எருக்கு போன்ற பால்வடியும் செடிகளின் இலைகளை உண்ணும் இதன் புழுக்கள், அந்நஞ்சை உடலில் சேமிக்கின்றன. இறகு முளைத்த பின்னரும் அது நீங்குவதில்லை. ஒருமுறை தின்று வாந்தியெடுத்த பறவை, பின்னர் அந்தச் செம்மஞ்சள் இறகைக் கண்டாலே விலகிச் செல்லும்.

இந்த அச்சத்தில் குளிர்காய்கிறது, 'டனாய்ட் எக்ஃப்ளை'. பருப்புக்கீரையை உண்டு வளரும் இதற்கு நஞ்சில்லை. ஆயினும் பெண் பூச்சி வெந்தய வரியனை அச்சாக ஒத்திருக்கும். ஆணோ வெண்திட்டுகள் கொண்ட கருநிறம், சாயலே கிடையாது. இத்தகைய போலித் தோற்றத்தை ஆங்கிலேய இயற்கையியலாளர் ஹென்றி வால்டர் பேட்ஸ், அமேசான் வண்ணத்துப்பூச்சிகளைக் கொண்டு 1862-இல் விளக்கினார்.

வேடம் பலிக்க, அசல் பூச்சிகள் மிகுந்திருக்க வேண்டும். எருக்கு குறைந்து அவை அருகினால், பறவைகளுக்கு அச்சம் தெளியும். எருக்கையே தீண்டாத போலியும் இரையாகும்.